வேடிக்கை பார்த்தவர் குற்றவாளியா? செய்யாமையைச் சட்டம் அளக்கும் விதம்

ஏரியில் ஒருவர் மூழ்குகிறார். கரையில் நிற்கும் இருபது பேரில் ஒருவரும் இறங்கவில்லை. சிலர் கைப்பேசியில் படம்பிடிக்கிறார்கள். காணொளி பரவியதும் ஒரே குரல்தான் கேட்கிறது: நின்று பார்த்த அத்தனை பேர் மீதும் கொலை வழக்குப் போடுங்கள். காவல்துறை போடுவதில்லை. போட்டாலும் நிற்காது. முன்பின் தெரியாத ஒருவரைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற பொதுவான கடமையை இந்தியக் குற்றவியல் சட்டம் யார் மீதும் சுமத்தவில்லை.

இதைக் கேட்டால் சட்டத்துக்கு ஈரமே இல்லை என்று தோன்றும். ஆனால் கைதிக்குச் சோறு போடாமல் சாகவிட்ட சிறை அலுவலரைக் கொலைக்குற்றவாளி என்று சொல்ல அதே சட்டம் தயங்குவதில்லை. இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். ஒருவர் சும்மா இருந்தார், இன்னொருவர் செத்தார். ஒன்று குற்றம், மற்றது இல்லை. இந்தக் கோடு எங்கே, எதற்காகப் போடப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் அது ஆட்டம் காண்கிறது என்பதைப் பார்க்கலாம்.

## அடிப்படை: செய்யாமை எப்போது செயலாகும்?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 3(4) பிரிவு, அந்தப் பழைய சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொன்னதையே சொல்கிறது. சட்டத்தில் ‘செயல்’ என்று வரும் இடங்களில், சட்டத்துக்குப் புறம்பான செய்யாமையும் அடங்கும். ‘மரணம் விளைவிக்கும் செயல்’ என்று எழுதியிருந்தால் குத்துவதும் அதில் வரும், சோறு போடாமல் விடுவதும் வரும். ஆனால் அந்தச் செய்யாமை சட்டத்துக்குப் புறம்பானதாக இருக்க வேண்டும். மனிதாபிமானத்துக்குப் புறம்பானது என்றால் போதாது.

எது சட்டத்துக்குப் புறம்பு? 2(15) பிரிவு மூன்று வகை சொல்கிறது: தன்னளவிலேயே குற்றமாக இருப்பது, ஏதாவது ஒரு சட்டம் தடை செய்திருப்பது, உரிமையியல் வழக்குக்கு இடம் கொடுப்பது. இந்த மூன்றாவது வகைதான் பலர் கவனிக்காதது. ஒப்பந்தத்தை மீறினால் உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம். ஆகவே சம்பளம் வாங்கிக்கொண்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர் அவரை அப்படியே விட்டுவிட்டுப் போனால், அது வெறும் ஒப்பந்த மீறலோடு நின்றுவிடாது. மரணம் நேர்ந்தால், மனநிலையும் காரணத் தொடர்பும் நிரூபிக்கப்படும் பட்சத்தில், குற்றவியல் பொறுப்பாகவும் மாறலாம்.

## கடமை வரும் வாசல்கள்

குற்றம் சாட்ட வேண்டுமானால் முதலில் கடமையைக் காட்ட வேண்டும். அது வழக்கமாக வரும் வழிகள் இவை:

1. நேரடிச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, விபத்தில் தொடர்புள்ள வாகனத்தின் ஓட்டுநர் காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. அவசர ஊர்திக்கு வழிவிடாமல் இருப்பது அதே சட்டத்தின் 194இ பிரிவில் குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

2. உறவும் பொறுப்பும். பெற்றோர், காப்பாளர், குழந்தை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர். குழந்தையைப் புறக்கணிப்பது 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் வருகிறது. திசை திரும்பினாலும் கடமை உண்டு. மூத்த குடிமக்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர் அவர்களை எங்காவது விட்டுவிட்டுப் போனால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு மூன்று மாதம் வரை சிறை என்கிறது.

3. ஒப்பந்தமும் வேலையும். 1902-இல் இங்கிலாந்தில் ரயில்வே கேட் காவலர் ஒருவர் கேட்டை மூடாமல் உணவுக்குப் போனார். கடக்க வந்த வண்டியில் ரயில் மோதி ஒருவர் இறந்தார். என் ஒப்பந்தம் ரயில்வே நிறுவனத்தோடுதான், செத்தவரோடு இல்லை என்ற வாதம் எடுபடவில்லை.

4. தானாக ஏற்ற பொறுப்பு. யாரும் கேட்காமலே ஒருவரைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டால், பிறகு நினைத்த நேரத்தில் கைவிட முடியாது. நாம் பொறுப்பேற்றதால் மற்றவர்கள் விலகிப் போயிருப்பார்கள் என்பதுதான் இதன் அடிப்படை. 1893-இல் அத்தையின் பணத்திலேயே அவரோடு வாழ்ந்து, அவர் படுக்கையில் விழுந்தபோது சோறும் மருந்தும் தராமல் விட்ட பெண்ணுக்கு ஆங்கில நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

5. ஆபத்தை உண்டாக்கியவர். தெரியாமல் தீ வைத்துவிட்டால் அது குற்றம் ஆகாமல் போகலாம். ஆனால் பற்றி எரிவதைக் கண்ட பிறகும் பக்கத்து அறையில் போய்ப் படுத்துக்கொண்டால்? 1983-இல் ஆங்கில நீதிமன்றம் பார்த்தது ஏறக்குறைய இதே சம்பவத்தைத்தான். சிகரெட்டிலிருந்து மெத்தையில் தீப்பிடித்தது. கண்டவர் அணைக்கவுமில்லை, யாரையும் அழைக்கவுமில்லை. தீக்கான பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

கடைசி மூன்றும் ஆங்கிலத் தீர்ப்புகள். இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, வழிகாட்டலாக மட்டும் எடுத்துக்காட்டப்படும்.

## ஒரே குளம், ஐந்து பேர்

நீச்சல் குளத்தில் ஒரு சிறுவன் மூழ்கி இறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். குளத்தைச் சுற்றி ஐந்து பேர். ஐவரும் பார்த்தார்கள், ஐவரில் எவரும் இறங்கவில்லை.

முதலாமவர் பணியில் இருக்கும் உயிர்காப்பாளர். கடமை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கவனக்குறைவு என்றால் சன்ஹிதாவின் 106(1) பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. சிறுவன் சாக வேண்டும் என்று எண்ணியே நின்றார் என நிரூபித்தால் அது கொலை.

இரண்டாமவர் சிறுவனின் தந்தை. அவருக்கும் கடமை உண்டு, ஆனால் அவருக்கு நீந்தத் தெரியாது. முடியாததைச் செய்யச் சட்டம் சொல்வதில்லை. ஆனால் கூச்சல் போட்டிருக்கலாம், உயிர்காப்பாளரை உலுக்கியிருக்கலாம், மிதவையை வீசியிருக்கலாம். அவர் முன் வைக்கப்படும் கேள்வி “ஏன் குதிக்கவில்லை?” என்பதாக இருக்காது. “முடிந்ததை ஏன் செய்யவில்லை?” என்பதாக இருக்கும்.

மூன்றாமவர் விளையாட்டாகத் தள்ளிவிட்ட நண்பன். தள்ளியது செயல், அதோடு, தானே உண்டாக்கிய ஆபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது செய்யாமை. பாதி செயல், பாதி செய்யாமை என்று பிரித்துக்காட்டித் தப்பிக்க முடியாது. இரண்டும் சேர்ந்து விளைவை உண்டாக்கினாலும் குற்றமே என்று 3(7) பிரிவு அந்த வாசலை அடைத்துவிடுகிறது.

நான்காமவர் “நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் விலகுங்கள்” என்று கூட்டத்தை விலக்கியவர். பிறகு மனம் மாறி நின்றுவிட்டார். பொறுப்பை ஏற்றவர் என்று இவர் மீது வாதிட இடம் உண்டு. ஐவரில் சிக்கலான வழக்கு இவருடையதுதான்.

ஐந்தாமவர் பதக்கம் வென்ற நீச்சல் வீரர். சிறுவனுக்கு யாரோ. பத்து விநாடியில் தூக்கியிருக்கலாம், தூக்கவில்லை. இவர் மீது எந்தக் குற்றமும் இல்லை.

ஐவரில் காப்பாற்றும் திறன் மிகுந்தவர் வெளியே போகிறார், நீந்தவே தெரியாதவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. செய்தியைப் படிப்பவருக்குக் குமட்டுவது இந்த இடத்தில்தான். சட்டத்தின் தரப்பைப் புரிந்துகொள்ள, காரணம் என்ற சிக்கலுக்குள் போக வேண்டும்.

## காரணம் யார்?

குத்தியவர் மரணத்துக்குக் காரணம் என்பதை உடற்கூறாய்வு காட்டும். காயம், ஆழம், கோணம் என்று தடயம் நீளும். செய்யாமைக்குத் தடயம் கிடையாது. ‘இவர் இறங்கியிருந்தால் சிறுவன் பிழைத்திருப்பான்’ என்பது மட்டுமே நம்மிடம் இருக்கிறது. இந்தச் சோதனையை வைத்தால் கரையில் நின்ற இருபது பேரும் காரணம். அவ்வழியே போக வேண்டியவர் வேறு தெருவில் திரும்பிப் போனாரே, அவரும் காரணம். நீச்சல் தெரிந்தும் அன்று வீட்டில் தூங்கியவரும் காரணம். அளவில்லாமல் விரியும் பட்டியல் இது.

அப்படியானால் சிறை அலுவலரைக் ‘காரணம்’ என்று எப்படித் தனியே பிரிக்கிறோம்? கைதிக்குச் சோறு போடாதவர்கள் ஊரில் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் ஒருவரை மட்டும் சுட்டுவது இயற்கை விதி அல்ல, அது அவருடைய வேலை என்ற நம் முன்முடிவு. கடமையை முதலில் வைத்த பிறகுதான் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. செயல் வழக்கில் ‘யார் செய்தது?’ என்பது உண்மை பற்றிய கேள்வி. செய்யாமை வழக்கில் அதே கேள்வி உண்மை வேடத்தில் வரும் ஒழுக்கக் கேள்வி. வேடிக்கை பார்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று கூவும்போது இதைத்தான் தவறவிடுகிறோம். இல்லாத ஒரு கடமையை இருப்பதாக எண்ணிக்கொண்டு, அதிலிருந்து காரணத்தை வருவித்துவிடுகிறோம்.

கடமை தெளிவாக இருந்தால் காரணத்தை எவ்வளவு நுணுக்கமாக அளக்கலாம் என்பதற்கு, பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதியதற்கும் வந்திருக்கும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சிறை அலுவலர் ஒருவர் கொல்லும் எண்ணத்தோடு கைதிக்கு உணவு தராமல் விடுகிறார். கைதி நலிகிறார், ஆனால் சாகும் அளவுக்கு இல்லை. அலுவலர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். அடுத்து வந்தவரும், முன்னவரோடு எந்தக் கூட்டும் இல்லாமல், சாகலாம் என்று தெரிந்தே உணவு தரவில்லை. கைதி பசியால் இறக்கிறார். பின்னவர் மீது கொலை, முன்னவர் மீது கொலை முயற்சி மட்டும். இரண்டு பட்டினியும் சேர்ந்துதான் கொன்றது. ஆனால் முன்னவர் பின்னவரோடு கூட்டுச் சேரவில்லை என்பதை வைத்துச் சட்டம் பிரிக்கிறது.

## 1837-இல் எழுதிய வாதம்

இந்திய தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் தயாரித்தது. அதோடு இணைத்த குறிப்புகளில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளம் பெருகிய ஆற்றில் ஒருவர் இறங்கப் போகிறார். எச்சரிக்க அரசு நிறுத்திவைத்த சேவகன் பேசாமல் இருந்தால் கொலை. கூலி பேசி வழிகாட்ட வந்தவன் பேசாமல் இருந்தாலும் கொலை. சும்மா நிற்கும் வழிப்போக்கன் பேசாமல் இருந்தால் கொலை இல்லை. நாய் ஒருவரைக் குதறும்போது, அது தன் நாயாக இருந்தும் அழைக்காதவன் கொலைகாரன், வழியே போகிறவன் அல்ல.

காலடியில் பசியால் சாகும் ஒருவனைச் சாகவிடும் செல்வந்தன் கெட்டவன் என்பதை அந்தக் குறிப்பு மறுக்கவில்லை. நாம் கடுமையாகத் தண்டிக்கும் பலரைவிட அவன் கெட்டவனாக இருக்கக்கூடும் என்றே சொல்கிறது. பிறகு கேட்கிறது: கோட்டை எங்கே போடுவது? செப்புக்காசு போடாத செல்வந்தன் கொலைகாரன் என்றால், பிச்சைக்காரனுக்கு ஒரு படி மேலே இருக்கும் ஏழை, உழைத்துச் சேர்த்த சோற்றைப் பகிராவிட்டால் அவனும் கொலைகாரனா? ஒரு குறிப்பிட்ட அறுவைச் சிகிச்சையைச் செய்யத் தெரிந்த ஒரே மருத்துவர் கல்கத்தாவில் இருக்கிறார், நோயாளி மீரட்டில் இருக்கிறார். போகாவிட்டால் மருத்துவரைத் தண்டிப்பதா?

வாதம் பலமானதுதான். ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. எடுத்துக்காட்டுகளின் பாரம் முழுவதும் ‘இது கொலையா?’ என்ற கேள்வியில் இருக்கிறது. கொலை இல்லை என்பதால் சின்னக் குற்றமாகக்கூட இருக்க முடியாது என்று ஆகிவிடாது. கோடு போட முடியாது என்பதும் அவ்வளவு உறுதியான வாதம் அல்ல. தற்காப்பில் எவ்வளவு பலம் பயன்படுத்தலாம், எது கவனக்குறைவு என்றெல்லாம் ‘நியாயமான’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து நீதிமன்றங்கள் நாள்தோறும் கோடு போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

பலமான வாதம் வேறொன்று இருக்கிறது. ‘கொல்லாதே’ என்ற விலக்கை உலகத்திலுள்ள எல்லோர் விஷயத்திலும் ஒரே நேரத்தில், தூங்கிக்கொண்டேகூடக் கடைப்பிடிக்கலாம். ‘காப்பாற்று’ என்ற கட்டளையை அப்படி நிறைவேற்ற முடியாது. ஒருவரைக் காப்பாற்றும் நேரத்தில் இன்னொருவரைக் கைவிடுகிறோம். விலக்கு ஒரு வழியை மட்டும் அடைத்து மற்ற எல்லா வழிகளையும் திறந்து விடுகிறது. கட்டளையோ ஒரு வழியை மட்டும் திறந்து மற்ற எல்லாவற்றையும் அடைக்கிறது. அதனால்தான் எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பதை ஆளுக்கு விட்டுவைக்கும் கடமைகளை ஜெர்மன் தத்துவவாதி கான்ட் தனி வகையாக வைத்தார். அந்த வகையைத் தண்டனைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டுமானால், சட்டமன்றம் முதலில் அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எழுத வேண்டும்.

## விடை எழுதிய நாடுகள்

எழுதிய நாடுகள் இருக்கின்றன. ஜெர்மனியின் தண்டனைச் சட்டம் 323சி பிரிவில், விபத்திலோ பொது ஆபத்திலோ, தனக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்தில்லாமலும் வேறு முக்கியக் கடமையை மீறாமலும் உதவ முடிந்தும் உதவாதவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. உதவ வந்தவரை மறிப்பதும் குற்றம் என்று 2017-இல் சேர்த்தார்கள். பிரான்சில் 223-6 பிரிவு கடுமையானது: ஐந்து ஆண்டு சிறை, 75,000 யூரோ அபராதம். தானே இறங்க வேண்டும் என்று அது கேட்கவில்லை, உதவியை வரவழைத்தாலும் போதும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலச் சட்டம் மறு எல்லை: அதிகபட்சம் நூறு டாலர் அபராதம்.

கொலைத் தண்டனைக்குப் பக்கத்தில்கூட இவற்றில் எதுவும் போகவில்லை. மரணத்துக்குக் காரணம் நீதான் என்று இந்தச் சட்டங்கள் சொல்வதே இல்லை. ‘உதவவில்லை’ என்பதைத் தனிக் குற்றமாக வைத்ததால், காரணம் யார் என்ற சிக்கலே எழாமல் போகிறது.

## இந்தியா எடுத்த வழி

இந்தியா பொதுக் கடமையை விதிக்காமல், இரண்டு திசையில் வேலை செய்திருக்கிறது.

ஒன்று: குறிப்பிட்ட ஆட்களுக்குக் குறிப்பிட்ட கடமை. விபத்தில் அடிபட்டவரை ஒரு மருத்துவமனை சேர்க்க மறுத்து, போலீஸ் வழக்குகளைப் பார்க்கும் வேறொரு மருத்துவமனைக்கு அனுப்ப, வழியிலேயே அவர் இறந்தார் என்ற செய்தியின் அடிப்படையில் வந்த பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, போலீஸ் நடைமுறைக்குக் காத்திருக்காமல் உயிரைக் காக்க வேண்டும் என்றது. பாலியல் வன்முறை, அமிலவீச்சு ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவருக்கு இலவச உடனடிச் சிகிச்சை தர மறுத்தால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை (சன்ஹிதாவின் 200-ஆம் பிரிவு). குறிப்பிட்ட சில குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை பதியாத காவல் அலுவலருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல் (சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு). இவை எல்லாம் செய்யாமைக் குற்றங்களே.

இரண்டு: அந்நியருக்குப் பாதுகாப்பு. சாலையில் அடிபட்டவரை ஜனங்கள் தூக்காததற்குக் கல்நெஞ்சு காரணம் அல்ல. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டும், மருத்துவமனையில் முன்பணம் கேட்பார்கள், நீதான் இடித்தாயா என்று கேட்பார்கள். இந்த அச்சம் நியாயமானதே என்று ஒப்புக்கொண்ட தீர்ப்பு, சேவ்லைஃப் அறக்கட்டளை வழக்கில் 2016 மார்ச்சில் வந்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் 134ஏ பிரிவு நுழைந்தது, 2020-இல் விதிகள் வந்தன. இதன்படி:

1. நல்லெண்ணத்தோடு, பலன் எதிர்பாராமல் உதவியவர் மீது, உதவும்போது நேர்ந்த காயத்துக்கோ மரணத்துக்கோ வழக்கு இல்லை.
2. பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைச் சொல்லுமாறு வற்புறுத்தக்கூடாது.
3. சாட்சியாக இருப்பது அவர் விருப்பம். சம்மதித்தால் அவருக்கு வசதியான இடத்தில் விசாரிக்க வேண்டும். வீட்டுக்கோ தொழிலிடத்துக்கோ போகும் காவலர் சீருடையில் போகக்கூடாது.

இதோடு ஒன்றிய அரசின் வெகுமதித் திட்டமும் உண்டு. 2021-இல் 5,000 ரூபாயாகத் தொடங்கி 25,000 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் இந்தப் பாதுகாப்பு சாலை விபத்துக்கு மட்டுமே. ஏரியில் மூழ்குபவரைத் தூக்கியவரையோ, தெருவில் வெட்டுப்பட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவரையோ 134ஏ காப்பாற்றாது. ஒழுக்க அடிப்படையில் பார்த்தால் இந்த வேறுபாட்டுக்கு எந்த நியாயமும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் எழுதியதால் வந்த குறுக்கம் இது, அவ்வளவுதான்.

## கடமையைச் சட்டமாக்கினால் எங்கே இடிக்கும்?

கட்டாயக் கடமை வேண்டும் என்று சொல்பவர்கள் இரண்டு அனுபவங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். 2012-ஆம் ஆண்டு அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குழந்தை மீதான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் எவராயினும் தகவல் தர வேண்டும் என்கிறது. தராவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நோக்கம் சரியானது. ஆனால் கருவுற்ற பதினேழு வயதுப் பெண் மருத்துவரிடம் போனால், மருத்துவர் தகவல் சொல்லியே ஆக வேண்டும். விருப்பத்தோடு பழகிய உறவாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. விளைவு, அந்தப் பெண் தகுதியுள்ள மருத்துவரிடம் போகவே அஞ்சுவாள். 2022 செப்டம்பரில் கருக்கலைப்பு பற்றிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டுகொண்டு, சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் தரும் தகவலில் அவள் அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்று வழிவிட்டது. காக்க வந்த கடமை, காக்கப்பட வேண்டியவரையே விரட்டக்கூடும்.

இரண்டாவது, இடித்துவிட்டு ஓடுபவர் பற்றிய சன்ஹிதாவின் 106(2) பிரிவு. கவனமின்றி ஓட்டி மரணம் விளைவித்து, காவல்துறைக்கோ நீதித்துறை நடுவருக்கோ உடனே தெரிவிக்காமல் தப்பினால் பத்து ஆண்டு வரை சிறை. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது இந்த உட்பிரிவை மட்டும் அரசு நிறுத்திவைத்தது. ஓட்டுநர்களின் அச்சம் எளிமையானது: நின்றால் கூட்டம் அடித்தே கொல்லும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு இதை முன்பே உணர்ந்து, கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் விலக்கு என்று எழுதியிருக்கிறது. 106(2)-இல் அந்த வரி இல்லை. அந்த இடத்தில் நிற்கச் சொல்லவில்லை, தெரிவிக்கத்தான் சொல்கிறது என்று பதில் சொல்லலாம். ஆனால் எத்தனை மணி நேரத்துக்குள், தொலைபேசியில் சொன்னால் போதுமா என்பதைப் பிரிவின் வாசகம் சொல்லவில்லை. பத்து ஆண்டுச் சிறையைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுவிட்டு இந்த அளவு தெளிவின்மையை வைப்பது மோசமான வரைவு.

## கோடு ஆடும் இடம்: வெண்டிலேட்டர்

செயலுக்கும் செய்யாமைக்கும் இடையிலான கோடு உடலசைவைப் பொறுத்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கை அசைந்தால் செயல், அசையாவிட்டால் செய்யாமை. மீளமுடியாத நிலையில் இருக்கும் நோயாளியின் வெண்டிலேட்டரை மருத்துவர் நிறுத்துகிறார். கை அசைகிறது. ஆனால் சட்டம் இதைச் சிகிச்சையைத் தொடராமை என்கிறது. அதே பொத்தானை, சொத்துக்காக உள்ளே நுழைந்த உறவினர் அழுத்தினால் அது கொலை. 1993-இல் ஏர்டேல் வழக்கில் அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது.

அசைவு ஒன்று, பெயர் மட்டும் இரண்டு என்றால் இது சொல் விளையாட்டுத்தானே என்று கேட்கலாம். இல்லை. மருத்துவரின் கடமை நோயாளியின் நலனுக்கானது. பயனற்ற சிகிச்சையைத் தொடர்வது அந்தக் கடமையில் இல்லை என்றானால், நிறுத்துவது சட்டத்துக்குப் புறம்பான செய்யாமை ஆகாது. உள்ளே நுழைந்தவருக்கோ தொட உரிமையே கிடையாது. இங்கும் கோட்டைப் போடுவது கடமைதான், கை அல்ல. 2011-இல் அருணா ஷான்பாக் வழக்கிலும், 2018 மார்ச்சில் காமன் காஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே தடத்தில் போனது. 2018 தீர்ப்பு, கண்ணியமாக இறப்பதை அரசமைப்பின் வாழ்வுரிமை பற்றிய 21-ஆம் உறுப்பில் சேர்த்து, சுயநினைவோடு இருக்கும்போதே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது. நடைமுறை தாங்க முடியாத அளவுக்குச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள்: நடுவர் முன் கையெழுத்துக்குப் பதிலாக நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரோ போதும், இரண்டு மருத்துவக் குழுக்கள், ஒவ்வொன்றும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஊசி போட்டு உயிரை முடிப்பது இன்றும் குற்றம்.

தத்துவவாதி ஜேம்ஸ் ரேச்சல்ஸ் 1975-இல் இந்தக் கோட்டை வேறொரு பக்கத்திலிருந்து தாக்கினார். சொத்துக்காகச் சிறுவனைக் குளியல் தொட்டியில் அமுக்கிக் கொல்கிறான் ஒருவன். இன்னொருவன் அதே எண்ணத்தோடு உள்ளே வருகிறான்; சிறுவன் தானே வழுக்கி, தலையில் அடிபட்டு நீரில் கவிழ்கிறான்; இவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இருவரில் யார் நல்லவன்? வேறுபாடு இல்லை என்றால், கொல்வதும் சாகவிடுவதும் தம்மளவில் ஒழுக்க வேறுபாடு உடையவை அல்ல. இதை ஏற்றால் இடைவிடாத வேதனையில் இருக்கும் நோயாளிக்கு உணவை நிறுத்துவது சரி, ஊசி தவறு என்று சொல்வதும் கடினம். நாள்கணக்கில் நீளும் முதல் வழியே கொடுமையாகவும் இருக்கலாம்.

ரேச்சல்ஸ் சொல்வது ஒழுக்கத்தைப் பொறுத்தவரை எனக்கு மறுக்க முடியாததாகவே தெரிகிறது. ஆனால் சட்டத்துக்கு அது அவ்வளவு பெரிய அடி இல்லை. அந்த வீட்டில் சிறுவன் அந்த ஆளின் பொறுப்பில் விடப்பட்டிருந்தால் இந்தியச் சட்டத்திலும் இரண்டுமே கொலைதான். பொறுப்பே இல்லாத வழிப்போக்கன் என்றால் மட்டுமே பிரிகிறது. சட்டம் பிரிப்பது எண்ணத்தையோ கெட்டதனத்தையோ அல்ல, அரசு எவர் மீது எதைக் கேட்கலாம் என்பதை. மருத்துவமனை விஷயத்தில் ஊசிக்குத் தடை வைத்திருப்பதற்கும் பிழை, வற்புறுத்தல், சொத்துத் தகராறு பற்றிய அச்சங்களே உண்மையான காரணம். அவற்றை வெளிப்படையாகச் சொல்லாமல், செயல்–செய்யாமை என்ற வேறுபாட்டின் தலையில் ஏற்றிவைத்திருக்கிறோம்.

## ஒரு பிரிவு எழுதுவதானால்

குறுகிய ஒரு கடமையை, அதாவது தகவல் சொல்லும் கடமையை மட்டும், சட்டமாக்குவதில் தவறில்லை என்பதே இதை எழுதுபவரின் கருத்து. நீச்சல் தெரியாதவர் குதித்து இரண்டாவது பிணம் ஆவதும், தண்டுவடம் உடைந்தவரை அவசரத்தில் தூக்கி முடமாக்குவதும் நடக்கக்கூடியவை. தொலைபேசியில் அவசர உதவி எண்ணான 112-ஐ அழைப்பதில் அந்த ஆபத்து இல்லை. அந்தப் பிரிவில் குறைந்தது இவை இருக்க வேண்டும்:

1. ஓர் உயிருக்கு உடனடி ஆபத்து என்பது அவருக்கு உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்கலாம் என்பது போதாது.
2. கேட்பது அழைப்பு மட்டுமே. தண்ணீரில் இறங்கவோ, கத்தியோடு நிற்பவரைத் தடுக்கவோ கேட்கக்கூடாது.
3. தண்டனை அபராதத்தோடு நிற்க வேண்டும். பிடியாணையின்றிக் கைதுசெய்யும் அதிகாரம் இருக்கக்கூடாது. இல்லாவிட்டால் சம்பவ இடத்தில் இருந்த யாரையும் மிரட்ட ஒரு புதிய கருவி கிடைத்துவிடும்.
4. 134ஏ தரும் பாதுகாப்பு எல்லா வகை ஆபத்துக்கும் விரிய வேண்டும். கடமை நடைமுறைக்கு வருவதற்கு முன்பே இது வர வேண்டும்.

நான்காவதை விட்டுவிட்டு முதல் மூன்றை மட்டும் எழுதினால் யார் சிக்குவார்கள்? ஆபத்தைக் கண்டதும் நழுவியவர் மீது சாட்சியே இருக்காது. கடைசிவரை அங்கே நின்றவரும், படம்பிடித்து வெளியிட்டவரும், தாமதமாகவேனும் தன் எண்ணிலிருந்து அழைத்தவருமே பதிவில் இருப்பார்கள். அபராதச் சீட்டு அவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.